யான் சிஹோல்ட் கட்சி மாறினாரா?

#1 ஓரவெளி

போன வாரம் ஒரு நண்பரோடு வாக்குவாதம். வடிவமைப்புப் பாடம் எடுப்பவர். பேச்சு ஜெர்மன் அச்சு வடிவமைப்பாளர் யான் சிஹோல்ட் பக்கம் திரும்பியதும், "அந்த ஆளா? நவீன அச்சுக்கலைக்குச் சட்டப் புத்தகம் எழுதிவிட்டுக் கட்சி மாறிப் போனவர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்தச் சொல் உறுத்திக்கொண்டே இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை இங்கே கொட்டுகிறேன். தவறிருந்தால் திருத்துங்கள், திட்டவும் செய்யலாம்.

சிஹோல்ட் 1902-ல் லைப்சிக்கில் பிறந்தவர். ஜெர்மன் புத்தகத் தொழிலின் கோட்டை அந்த ஊர். அப்பா பெயர்ப்பலகை எழுதுபவர். பையன் கற்றதும் பேனா பிடித்து எழுத்து வரையும் கலைதான். ஆக, ஆள் மரபில் ஊறி வளர்ந்தவர். 1923-ல் வைமாரில் பௌஹவுஸ் என்ற நவீன கலைப் பள்ளி நடத்திய கண்காட்சிக்குப் போனார். வயது 21. போனவர் வேறு ஆளாகத் திரும்பினார். 1925-ல் அச்சுத் தொழிலாளர்களுக்கான இதழ் ஒன்றின் சிறப்பிதழைத் தொகுத்தார். மோஹோலி-நாகி, எல் லிசிட்ஸ்கி போன்ற புதுமைக் கலைஞர்கள் செய்துகொண்டிருந்ததைச் சாதாரண அச்சகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்த இதழ்தான். ரஷ்ய மோகத்தில் அதில் தன் பெயரையே 'இவான்' என்று போட்டுக்கொண்டார். அடுத்த வருடம் மியூனிக்கில் ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்த ஊரில் இவான் என்ற பெயர் எடுபடாது என்பதால் 'யான்' ஆனார்.

1928-ல் பெர்லினில் 'புதிய அச்சுக்கலை' வந்தது. கறுப்பு அட்டை, கைக்கு அடக்கமான புத்தகம். வெளியிட்டது கலைப் பதிப்பகம் எதுவும் இல்லை, ஜெர்மன் அச்சுத் தொழிலாளர்களின் கல்விச் சங்கம். அச்சகத்தில் எழுத்துக்கோக்கும் கம்போசிட்டர் படிப்பதற்காக எழுதியது அது. இதை ஏனோ யாரும் அழுத்திச் சொல்வதில்லை. உள்ளே இருந்தது இதுதான்: எல்லா வரியையும் பக்கத்தின் நடுவில் நிறுத்தும் பழக்கத்துக்கும் வரியின் பொருளுக்கும் சம்பந்தமே இல்லை, அதை விடு. எது முக்கியமோ அதைக் கண் முதலில் பிடிக்கிற மாதிரி வை. வெற்றிடம் மிச்சம் விழுந்த இடம் அல்ல, அதுவும் வேலை செய்யும் பொருள். பூ, கொடி, ஓர அலங்காரம் எல்லாம் வெளியே. எழுத்து சான்ஸ் செரிஃப், அதாவது முனைகளில் சிறு குறுக்குக்கோடு (செரிஃப்) இல்லாதது. படத்துக்குப் புகைப்படம். தாள் டின் தர அளவு. முப்பது வயது ஆகாதவருக்கு வரும் அத்தனை நிச்சயமும் அதில் உண்டு.

1933 மார்ச்சில் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். 'கலாச்சார போல்ஷெவிக்' என்பது குற்றச்சாட்டு. சில வாரம் காவலில் வைத்துப் பிறகு விடுவித்தார்கள். குடும்பத்தோடு சுவிட்சர்லாந்தின் பாசலுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கேதான் மெல்ல மாறினார். 1935-ல் எழுதிய அடுத்த புத்தகத்தின் உடல் எழுத்து போடோனி, அதாவது செரிஃப். நாற்பதுகளில் நடு அச்சில், அதாவது வரிகளைப் பக்கத்தின் நடுவில், நிறுத்திய தலைப்புப் பக்கங்கள் வந்துவிட்டன. 1947-ல் இங்கிலாந்தின் பெங்குவின் பதிப்பகத்துக்குப் போனபோது 1928 புத்தகம் கேலி செய்ததையெல்லாம் அவரே செய்துகொண்டிருந்தார்.

காரணத்தையும் அவரே சொன்னார். புதிய அச்சுக்கலையின் 'இது ஒன்றே சரி' என்ற பிடிவாதமும், தன்னை ஜெயிலில் போட்டவர்களின் மனப்போக்கும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை என்று பிற்பாடு தனக்குத் தெரிந்ததாம். தான் எழுதியதைத் தானே திரும்பிப் பார்த்து இப்படிச் சொல்ல எவ்வளவு பேருக்குத் தைரியம் வரும்? இதைத் துரோகம் என்பது எனக்கு ஒப்பவில்லை.

#2 தலைப்பெழுத்து

'யான் கட்சி மாறினாரா' என்று பார்த்ததும் சங்கப் புலவர் யாரோ சுயவிமர்சனம் எழுதுகிறார் என்று நினைத்து உள்ளே வந்தேன்.

சரி, வந்ததற்கு ஒரு கேள்வி. டின் தர அளவு என்றால் நம்ம ஏ4 தாளா?

#3 ஓரவெளி

அதேதான். 1922-ல் ஜெர்மனியில் தரமானது. வால்டர் போர்ஸ்ட்மன் என்பவர் வகுத்தது. நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள விகிதம் இரண்டின் வர்க்கமூலம். பாதியாக மடித்தாலும் அதே விகிதம் வரும், அதில்தான் சூட்சுமம். ஏ0 சரியாக ஒரு சதுர மீட்டர். நான்கு முறை மடித்தால் 210-க்கு 297 மில்லிமீட்டர், நம் ஜெராக்ஸ் கடைத் தாள்.

பிற்காலத்தில் சிஹோல்டுக்கு இதன் மேலும் கசப்பு வந்தது. ஏ5 அளவு கையில் பிடித்துப் படிக்கிற புத்தகத்துக்கு அகலம் அதிகம் என்றார். என் கைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

#4 கட்டம்_கட்டமாய்

> தன்னை ஜெயிலில் போட்டவர்களின் மனப்போக்கும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது, ஓரவெளி. நீங்கள் அந்தச் சண்டையில் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லியிருக்கிறீர்கள்.

1945 கடைசியில் சூரிச்சில் சுவிஸ் வடிவமைப்பாளர்கள் கூட்டத்தில் சிஹோல்ட் பேசினார். அச்சில் மாறாத சில விதிகள் உண்டு, மரபு உண்டு என்ற தொனி. அதைக் கேட்டு மாக்ஸ் பில் கொதித்துப் போனார். பில் சுவிஸ்காரர், டெசாவில் பௌஹவுஸில் படித்தவர், ஓவியம், சிற்பம், கட்டடம் எல்லாம் செய்தவர். 1946-ல் சுவிஸ் அச்சுத் துறை இதழில் ஒரு கட்டுரை எழுதினார். நம் காலத்தின் அச்சு நம் காலத்தின் கருவிகளிலிருந்தும் தேவையிலிருந்தும் பிறக்க வேண்டும், பழைய புத்தகங்களின் சாயலுக்குத் திரும்புவது பிற்போக்கு என்பது சாரம். சிஹோல்ட் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் புரிந்தது. சில மாதத்தில் சிஹோல்ட் அதே இதழில் பதில் எழுதினார். உங்களுக்குப் பிடித்த அந்த வாதம் அதில்தான் வருகிறது.

யோசித்துப் பாருங்கள். புதிய அச்சுக்கலைக்காரர்கள் யார்? லிசிட்ஸ்கி யூதர். மோஹோலி-நாகி நாட்டை விட்டு வெளியேறியவர். ஃப்யூச்சுரா எழுத்தை வடித்த பால் ரென்னர், நாஜிகளைக் கண்டித்து 1932-லேயே சிறுநூல் எழுதினார், 1933-ல் கைதாகி வேலையும் இழந்தார். பௌஹவுஸை மூட வைத்ததே நாஜிகள்தான். அடி வாங்கியவர்களைப் பார்த்து, 'நீங்களும் அடித்தவர்களும் ஒரே ரகம்' என்பது நியாயமா? அதுவும் போர் முடிந்து ஒரு வருடம் ஆன கையோடு.

இடது ஓரத்தில் தொடங்கும் ஒரு வரிக்கும் வதை முகாமுக்கும் முடிச்சுப் போடுவது மிகை. 'எனக்கு வயதாகிவிட்டது, ரசனை மாறிவிட்டது' என்று சொல்லியிருந்தால் நான் மதித்திருப்பேன்.

#5 தலைப்பெழுத்து

நாஜி என்றாலே அந்த முள்ளு முள்ளாக இருக்கும் கோதிக் எழுத்துதானே? சான்ஸ் செரிஃப் அவர்களுக்கு ஆகாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படியானால் கட்டம் சொல்வது சரி.

#6 ஓரவெளி

அவ்வளவு நேராக இல்லை. அந்த உடைந்த எழுத்துக்கு ஃப்ராக்டூர் என்று பெயர். நாஜிகள் முதலில் அதைத் தேசிய எழுத்து என்று தூக்கிப் பிடித்தது உண்மை. ஆனால் அந்தக் காலத்தில் புதிதாக வந்த உடைந்த எழுத்துகளைப் பாருங்கள்: டானென்பெர்க், எலிமென்ட், நாட்சியோனால். கையெழுத்தின் வளைவையெல்லாம் வழித்துவிட்டு, சான்ஸ் செரிஃப் மாதிரி விறைப்பாக்கியவை. அச்சுத் தொழிலாளர்கள் இந்த வகைக்கு வைத்த பட்டப்பெயர் 'முழங்கால் பூட்ஸ் எழுத்து'. இதைவிடப் பொருத்தமான பெயர் எழுத்துருச் சரித்திரத்தில் வேறு உண்டா தெரியவில்லை.

1941 ஜனவரி 3 அன்று எல்லாம் தலைகீழானது. நாஜிக் கட்சியின் பெரிய நிர்வாகி போர்மன் கையெழுத்தில் ஒரு சுற்றறிக்கை: இந்த உடைந்த எழுத்து உண்மையில் யூத எழுத்து, இனி ரோமன் எழுத்தே அரசு எழுத்து. யூதர் கதை சுத்தப் புளுகு. போரில் கைப்பற்றிய நாடுகளில் இருந்தவர்களுக்கு அந்த எழுத்தைப் படிக்க முடியவில்லை என்பதே நடைமுறைக் காரணம். வேடிக்கை என்னவென்றால், சுற்றறிக்கை அடித்த தாளின் தலைப்பு அதே உடைந்த எழுத்தில் இருந்தது.

இன்னொரு பக்கம் ஹெர்பெர்ட் பேயர். பௌஹவுஸின் அச்சுப் பட்டறையை நடத்தியவர். அவர் 1938 வரை பெர்லினில் இருந்து விளம்பர வேலை செய்தார். 1936 ஒலிம்பிக் சமயத்தில் நடந்த 'ஜெர்மனி' கண்காட்சிக்குச் சிற்றேடு செய்தவர் அவர்தான். அசல் பௌஹவுஸ் பாணிப் படத்தொகுப்பு, அதன் ஒரு பக்கத்தில் கூட்டத்துக்கு மேலே ஓங்கி நிற்கும் ஹிட்லர். பிறகு அமெரிக்கா போய்ப் பெரும்பேர் எடுத்தார்.

கட்டம், உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் 'கட்சி மாறினார்' என்ற பட்டத்தை, நடு அச்சுக்குத் திரும்பிய சிஹோல்டுக்குக் கொடுக்கிறோம், பேயருக்குக் கொடுப்பதில்லை. ஏன்? பேயர் பாணி மாறவில்லை, அவ்வளவுதான்.

#7 கட்டம்_கட்டமாய்

பேயர் விஷயத்தில் நான் வாய் திறக்கவில்லை. அது என் வாதத்தை விட உங்கள் வாதத்தையே குலைக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரே பாணி பாடகசாலைக்கும் போகும் பிரச்சாரத்துக்கும் போகும் என்றால், பாணிக்குள் சர்வாதிகாரம் ஒளிந்திருக்கிறது என்று சிஹோல்ட் சொன்னது எப்படி நிற்கும்?

(பாடகசாலை அல்ல, பாடசாலை. கைப்பேசி!)

#8 கம்போசிட்டர்_மகன்

நீங்கள் இரண்டு பேரும் அரசியல் பேசுகிறீர்கள், நான் ஈயம் பேசட்டுமா.

என் அப்பா முப்பது வருடம் கம்போசிட்டர். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், சங்க மலர் என்று வராத வேலை இல்லை. பள்ளி விடுமுறையில் அவர் பக்கத்தில் நின்று கேஸில், அதாவது அறை அறையாக இருக்கும் எழுத்துப் பெட்டியில், எழுத்து பிரித்துப் போட்டிருக்கிறேன். அதனால் எனக்கு 1928 புத்தகத்தில் பிடிபடுவது வேறு.

ஈய எழுத்தில் வெற்றிடம் என்று ஒன்று கிடையாது. தாளில் வெள்ளையாகத் தெரியும் இடத்தில் எல்லாம் உயரம் குறைந்த ஈயக்கட்டை இருக்கும், குவாடு என்போம். வரி முழுக்க இறுக்கமாக அடைத்தால்தான் மிஷினில் ஏற்றும்போது எழுத்து உதிராது. ஒரு வரியை நடுவில் நிறுத்த இரண்டு பக்கமும் சமமாகக் குவாடு போட வேண்டும். மிச்சம் ஒற்றைப்படையில் வந்தால் அதைப் பிளந்து மெல்லிய ஸ்பேஸ் தேட வேண்டும். இடது ஓரத்தில் தொடங்கினால்? மிச்சம் முழுவதும் வலது பக்கம். எழுத்தை அடுக்கு, குவாடைத் தள்ளு, அடுத்த வரி. 'இடது ஓரம் இயந்திர காலத்துக்குப் பொருத்தம்' என்று சொன்னதில் இப்படி ஒரு கை வேலைக் கணக்கும் இருக்கிறது. தொழிலாளர் சங்கம் அதை வெளியிட்டதில் ஆச்சரியமில்லை.

ஆனால் அதே கூட்டம் சாய்வாக எழுத்து வைக்கச் சொல்லும்போது அப்பா மாதிரி ஆட்கள் பல்லைக் கடித்திருப்பார்கள். சாய்த்த வரியைச் சுற்றி வரும் முக்கோணச் சந்துகளுக்குக் கட்டை வெட்டித்தான் அடைக்க வேண்டும். ஒரு வரிக்கு அரை நாள் போகும்.

லிசிட்ஸ்கி 1923-ல் பெர்லினில் ரஷ்யக் கவிஞர் மாயகோவ்ஸ்கியின் கவிதைகளுக்குச் செய்த புத்தகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். 13 கவிதை. டெலிபோன் டைரக்டரி மாதிரி வலது ஓரத்தில் படிக்கட்டாக வெட்டி, கவிதைக்கு ஒரு அடையாளக் குறி. சத்தமாக வாசிக்கிறவன் வேண்டிய கவிதையை விரலால் பிடித்துத் திறக்கலாம். உள்ளே இருக்கும் படங்கள்கூட எழுத்து, கோடு, ரூல் என்று கேஸில் கிடந்ததை வைத்தே செய்தவை. அடுக்கிய ஜெர்மன் கம்போசிட்டருக்கு ரஷ்ய மொழி தெரியாதாம். வரைந்து கொடுத்ததைப் பார்த்துப் பார்த்து அடுக்கியிருக்கிறார். அந்த ஆளின் பெயர் எந்தப் புத்தகத்திலும் பெரிதாக வருவதில்லை.

சிஹோல்ட் பில்லுக்கு எழுதிய பதிலில் இதுவும் உண்டு, கட்டம் விட்டுவிட்டார். இயந்திர வேலையைப் புகழ்கிறவர்கள் அதன் முன்னால் நாள் முழுக்க நிற்பவனைப் பற்றி யோசிப்பதில்லை என்கிறார். பில் எழுத்துக்கோத்தவர் அல்ல. நியாயமோ இல்லையோ, எங்கள் வீட்டில் அந்தப் பத்திக்கு ஓட்டு விழும்.

#9 ரைன்_கரை

வணக்கம். நான் இருபது வருடமாகப் பாசலில் இருக்கிறேன், ஆகவே ஊர்க்காரன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

சிஹோல்ட் இங்கே வந்து இறங்கியபோது அவர் பெரிய ஆள் இல்லை, அகதி. பதிப்பகமொன்றில் அரை நாள் வேலை, தொழிற்பள்ளியில் சில வகுப்புகள். குடியுரிமை கிடைத்தது 1942 இல். அந்த ஒன்பது வருடம் எப்படி இருந்திருக்கும் என்று எங்களைப் போன்றவர்களுக்கு விளங்கும். வந்த நாட்டில் இருந்துகொண்டு 'உங்கட பழைய முறையெல்லாம் பிழை' என்று அறிக்கை விட முடியாது. இது அவருடைய மாற்றத்துக்கு முழுக் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கிடைத்த வேலை என்ன வேலை என்று பாருங்கள். மியூனிக்கில் சினிமாச் சுவரொட்டி, விளம்பரம். 1927 இல் ஃபீபுஸ் தியேட்டருக்குச் செய்த சுவரொட்டிகளைப் பார்த்தால் இன்றைக்கும் கண் விரியும். பாசலிலோ நாவல், செவ்விலக்கிய வரிசை. முந்நூறு பக்கம் வாசிக்கிற புத்தகத்துக்குச் சுவரொட்டி விதி சரிவராது என்பதை வேலையே அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கும்.

இன்னொன்று. அவர் ஒரேயடியாக மாறவில்லை. 1937 இல் பாசல் கலைக்கூடத்தில் நடந்த கட்டமைப்புவாதிகள் கண்காட்சிக்கு அவர் செய்த சுவரொட்டியை எடுத்துப் பாருங்கள். ஒரு வட்டம், ஒரு மெல்லிய கோடு, சின்ன எழுத்துகள், மிச்சமெல்லாம் வெறுமை. அதைவிடத் தூய்மையான புதிய அச்சுக்கலை 1928 புத்தகத்திலும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அவர் இங்கே மரபுக்குத் திரும்பிய அதே காலத்தில் அதே ஊரில் எமில் ருடர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஆர்மின் ஹோஃப்மன். உலகம் 'சுவிஸ் பாணி' என்று சொல்கிறதே, அதன் பாதி இங்கே வளர்ந்தது, மற்றப் பாதி சூரிச்சில். ஹெல்வெடிக்கா எழுத்துரு பிறந்த ஹாஸ் எழுத்து வார்ப்பாலை இருந்த மியூன்ஷென்ஷ்டைனும் பாசலுக்குப் பக்கத்திலேயே, டிராமில் போகிற தூரம். 1957 இல் எடுவார்ட் ஹோஃப்மன் சொல்ல மாக்ஸ் மீடிங்கர் வரைந்தது. அப்போது பெயர் நொயே ஹாஸ் குரோட்டெஸ்க். விற்பனைக்காக 1960 இல் ஹெல்வெடிக்கா ஆனது.

#10 கட்டம்_கட்டமாய்

நன்றி ரைன்_கரை. இதைத்தான் சொல்ல வந்தேன். சிஹோல்ட் விட்டுப்போன இடத்தில் ஒரு தலைமுறை வேலை செய்தது. முல்லர்-புரோக்மன் சூரிச் டோன்ஹாலே இசை அரங்குக்குச் செய்த சுவரொட்டிகள். 1955 பீத்தோவன் சுவரொட்டியில் அந்த வளைபட்டைகள் ஒன்றுக்கொன்று இரட்டித்துப் பெரிதாகிச் சுழலும்போது இசை காதில் விழும். 1958-லிருந்து 1965 வரை மூன்று மொழியில் வந்த 'நொயே கிராஃபிக்' இதழ், நான்கு பேர் ஆசிரியர், ஒரே கட்டமைப்பு. 1957-ல் ஃப்ரூட்டிகர் வடித்த யுனிவர்ஸ் எழுத்துரு, 21 வகையும் ஒரே நேரத்தில் திட்டமிட்டது, தடிமனுக்கும் அகலத்துக்கும் பெயருக்குப் பதில் எண். இதெல்லாம் பிடிவாதம் இல்லாமல் வந்திருக்குமா?

பிடிவாதம் இல்லாத இயக்கம் என்று ஒன்று இருக்கிறதா சொல்லுங்கள்.

#11 தலைப்பெழுத்து

பௌஹவுஸில் பெரிய எழுத்தே கூடாது, எல்லாம் சின்ன எழுத்து என்று சட்டம் போட்டார்களாமே?

#12 ஓரவெளி

ஆமாம், 1925-லிருந்து. பள்ளியின் கடிதத்தாளிலேயே காரணம் அச்சாகியிருந்தது: நாங்கள் எல்லாவற்றையும் சின்ன எழுத்தில் எழுதுகிறோம், நேரம் மிச்சம். ஜெர்மன் மொழியில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கும் என்பதால் அவர்களுக்கு இது நம் கற்பனைக்கு எட்டாத அளவு பெரிய கலகம். பேயர் இதற்காக 'யுனிவர்சல்' என்று சின்ன எழுத்து மட்டும் கொண்ட ஒன்றை வட்டமும் நேர்கோடும் வைத்து வரைந்தார். உலகமே பேசியது, ஆனால் ஈயத்தில் வார்க்கப்படவே இல்லை.

ரென்னரின் ஃப்யூச்சுரா 1927-ல் ஃபிராங்க்ஃபர்ட் பாவர் வார்ப்பாலையில் வந்து உலகம் முழுக்கப் போனது. ஏன் தெரியுமா? முதல் வரைவில் இருந்த வினோத வடிவங்களை, உதாரணமாக ஒரு குச்சியும் பக்கத்தில் ஒரு புள்ளியுமாக நின்ற 'ஆர்' எழுத்தை, பெரும்பாலும் கழற்றிவிட்டு, பழைய ரோமன் கல்வெட்டு விகிதங்களைப் பெரிய எழுத்துகளுக்குள் நுழைத்தார். கண்ணுக்குப் புதுசு, எலும்பு பழசு. நிலவில் 1969-ல் விட்டுவந்த பலகையிலும் அதுதான்.

#13 தலைப்பெழுத்து

பெரிய எழுத்து சின்ன எழுத்து சண்டையே இல்லாத மொழியில் பிறந்தோம், அந்த மட்டில் தப்பித்தோம். நம் கலகம் 'ணை'யின் கொம்பில் நடந்தது. 1935-ல் பெரியார் குடிஅரசில் தொடங்கிவைத்தது 1978-ல்தான் அரசாணையானது.

#14 கம்போசிட்டர்_மகன்

அந்த அரசாணை வந்ததும் கேஸில் சில அறைகள் காலியானது அப்பாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவற்றில் பீடிக்கட்டு வைத்திருந்தாராம்.

#15 மட்டுறுத்துநர்

எழுத்துச் சீர்திருத்தத்துக்குத் தனி இழை இருக்கிறது, நூற்று எழுபது பதில் தாண்டிவிட்டது, இன்னும் யாரும் சமாதானமாகவில்லை. தயவுசெய்து இங்கே வேண்டாம்.

#16 நடைபாதைப்புத்தகம்

திருவல்லிக்கேணி நடைபாதையில் எப்போதோ பத்து ரூபாய்க்கு வாங்கிய பெங்குவின் ஒன்று கைவசம் இருக்கிறது. இழையைப் படித்துவிட்டு எடுத்துப் பார்த்தேன், 1948 என்று போட்டிருக்கிறது. அட்டையில் ஆரஞ்சு, வெள்ளை, ஆரஞ்சு என்று மூன்று பட்டை. எழுத்து சான்ஸ் செரிஃப். மரபுக்குத் திரும்பியவர் என்கிறீர்கள், அட்டை அப்படி இல்லையே?

#17 ஓரவெளி

நல்ல கண் உங்களுக்கு. மூன்று பட்டை 1935-லிருந்தே இருந்தது, எட்வர்ட் யங் போட்டது. அவர்தான் மிருகக்காட்சிசாலைக்குப் போய்ப் பெங்குவினையும் வரைந்து வந்தார். எழுத்து கில் சான்ஸ் என்ற சான்ஸ் செரிஃப். சிஹோல்ட் அதைத் தூக்கி எறியவில்லை. எழுத்துகளின் இடைவெளியைச் சீராக்கினார், கோடுகளைச் சரிசெய்தார், பெங்குவினைத் திருத்தி வரைந்தார். 1947 மார்ச்சிலிருந்து 1949 கடைசி வரை மூன்று வருடத்துக்கும் குறைவு, அதற்குள் ஐந்நூறுக்கு மேல் புத்தகங்கள் அவர் கையைத் தாண்டிப் போயின. பவுண்டின் மதிப்பைக் குறைத்ததும் சுவிஸுக்குத் திரும்பிவிட்டார்.

அவர் விட்டுச் சென்றதில் பெரியது நான்கு பக்க விதித்தாள். ஒவ்வொரு அச்சகத்துக்கும் போனது. சொற்களுக்கு இடையே இடைவெளி குறைவாகவும் சமமாகவும் இருக்கட்டும், முற்றுப்புள்ளிக்குப் பிறகு கூடுதல் இடம் விடாதே, பத்தித் தொடக்கத்தில் ஓர் எம் (எழுத்தின் அளவுக்குச் சமமான அகலம்) தள்ளு, பெரிய எழுத்துகளுக்கு இடையே கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற மாதிரி இடம் கொடு. கடைசி விதியைக் கம்போசிட்டர்கள் கேட்கவே இல்லை. அதற்காகவே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்துக்கொண்டு புரூப் புரூப்பாகக் குத்தி அனுப்பினார். யாராவது முறையிட வந்தால் தனக்கு ஆங்கிலம் சரியாகப் புரியவில்லை என்பாராம்.

#18 கட்டம்_கட்டமாய்

ரப்பர் ஸ்டாம்பும் நான்கு பக்கச் சட்டமும். சகிப்புத்தன்மையைத் தேடிப் போனவரின் லட்சணத்தைப் பாருங்கள் :)

#19 ரைன்_கரை

அதுதானே! அவர் மாறினது வடிவத்தில். குணத்தில் இல்லை.

இங்கே செயின்ட் அல்பன் பகுதியில் பழைய காகித ஆலையை அருங்காட்சியகம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். ஈயம் உருக்கி எழுத்து வார்ப்பதைக் காட்டுவார்கள். மகளைக் கூட்டிப்போனபோது அங்கே நின்றுதான் எனக்கு சாபோன் ஞாபகம் வந்தது. அவருடைய கடைசிப் பெரிய எழுத்துரு, 1967 இல் வெளியானது. பார்க்கிறதுக்குப் பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சு எழுத்துரு கராமோன் மாதிரி. பெயரும் அந்தக் காலத்து வார்ப்பாளர் ஒருவருடையது. ஆனால் அவருக்குக் கிடைத்த உத்தரவு என்ன? கையால் கோத்தாலும், லைனோடைப், மோனோடைப் என்ற எழுத்துக்கோக்கும் இயந்திரங்களில் எதில் அடித்தாலும் எழுத்து ஒரே மாதிரி இருக்க வேண்டும். வரி நீளமும் மாறக்கூடாது. மோனோடைப்பில் ஓர் எம்முக்கு 18 அலகு, எழுத்தின் அகலம் அதற்குள்தான் விழ வேண்டும். லைனோடைப்பில் நேர் எழுத்தும் சாய்வெழுத்தும் ஒரே அச்சில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே அகலம். ஆக மூன்று இயந்திரத்தின் குறைகளையும் ஒன்றாகக் கட்டி, அதற்குள்ளே நின்று ஓர் அழகான எழுத்தை வரைந்திருக்கிறார்.

தரப்படுத்தல், இயந்திரத்துக்கு ஏற்ற வடிவம், யாருக்கும் வீண் வேலை இல்லாமை. இது 1928 புத்தகம் இல்லையென்றால் வேறென்ன?

#20 ஓரவெளி

இதை எப்படி யோசிக்காமல் விட்டேன்! நண்பருக்கு இந்தப் பதிலை அப்படியே அனுப்பிவிட்டேன். 'பார்க்கலாம்' என்று ஒரே சொல் வந்திருக்கிறது.

கட்டம், உங்கள் முதல் பதிவில் உள்ளதை ஒப்புக்கொள்கிறேன். அடி வாங்கியவர்களையும் அடித்தவர்களையும் ஒரு தட்டில் வைத்தது சிஹோல்டின் தவறு. அவர் தன்னைப் பற்றி மட்டும் சொல்லியிருந்தால் சரியாக இருந்திருக்கும். தன் கோபத்தை மற்றவர் தலையிலும் கட்டினார்.

#21 கட்டம்_கட்டமாய்

அது போதும் எனக்கு. சாபோன் விஷயத்தில் நானும் வாயடைத்துப் போனேன். ஆனாலும் நடு அச்சுத் தலைப்புப் பக்கம் எனக்கு இன்னும் கல்யாணப் பத்திரிகை மாதிரிதான் தெரிகிறது.

#22 கம்போசிட்டர்_மகன்

கல்யாணப் பத்திரிகைக்கு என்ன குறை?

நடைபாதைப்புத்தகம் எனக்குத் தனிமடலில் அந்த 1948 தலைப்புப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினார், நன்றி. அப்பாவிடம் காட்டினேன். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். யார் செய்தது, என்ன சண்டை எதுவும் சொல்லவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, பெரிய எழுத்து வரியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இந்த எல்லுக்கும் ஏவுக்கும் நடுவுல ஒண்ணும் போடலை. மத்த எழுத்துக்கு நடுவுல பேப்பர் கிழிச்சுச் சொருகியிருக்கான் பாரு" என்றார்.

அப்புறம், "யாரோ பக்கத்துலயே நின்னு வேலை வாங்கியிருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தார்.